நாலு கடை ஏறி விசாரித்தல்

இணையத்தில் தகவல் தேடும் முறை குறித்து வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



சரக்கு வாங்கப் போகிறவன் ஒரே கடையில் கேட்டு விலையை முடித்து விடுவானாயின், அவனை நாம் வியாபாரி என்று மதிப்பதில்லை. நாலு கடை ஏறி, சரக்கைக் கையில் அள்ளி, முகர்ந்து பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு, எந்த மாதத்து அறுவடை என்று விசாரித்த பின்னரே பணத்தை எண்ணி வைக்கிறோம். இது நம் பெரியவர்கள் பழக்கி வைத்த முறை. ஆனால் அதே நாம் கைத்தொலைபேசியில் ஒரு விஷயத்தைத் தேடும்பொழுது, முதலாவதாகக் கண்ணில் படுவதை அப்படியே நம்பிக் காரியத்தில் இறங்கி விடுகிறோம். கடைத்தெருவில் காட்டும் ஜாக்கிரதையை இணையத்தில் காட்டுவதில்லை. இந்தக் குறையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

பாடம் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்களாயின், மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆனால் இந்தப் பாடத்திற்கு நான் ரொக்கமாகச் சம்பளம் கட்டியிருக்கிறேன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

வெங்காயம் கற்பித்த பாடம்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள் காலை, இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டு விட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வெறும் பேச்சை நம்பலாகாது என்று எண்ணி, நானும் தேடுபொறியைத் திறந்து, வெங்காயம், ஏற்றுமதி, தடை ஆகிய மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடினேன். பெயர் பெற்ற ஒரு பத்திரிகையின் செய்தி முதல் வரிசையில் வந்து நின்றது. தலைப்பு தெளிவாக இருந்தது. செய்தியும் பொய்யன்று. உடனே கைக்கு வந்த விலைக்கு 300 மூட்டை எடுத்தேன். மூட்டைக்கு 4 வெள்ளி அதிகம். அத்தோடு நில்லாமல், எங்கள் வரிசையிலுள்ள இரண்டு கடைக்காரர்களிடமும், “நானே பார்த்து விட்டேன், செய்தி உறுதி” என்று சொல்லி விட்டேன். என் சொல்லை நம்பி அவர்களும் வாங்கினார்கள்.

இரவில் என் மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்து விட்டு, “அத்தா, இது எந்த வருஷத்துச் செய்தி?” என்று கேட்டாள். தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் 2023 டிசம்பர் என்று இருந்தது.

நடந்தது யாதெனில், இந்தியா 2023 டிசம்பர் 8ஆம் தேதி முதல் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது உண்மை. அந்தத் தடை 2024 மே 4ஆம் தேதி நீங்கி விட்டது. தடைக்குப் பதிலாக டன்னுக்கு 550 அமெரிக்க டாலர் என்ற குறைந்தபட்ச விலையும் 40 சதவீத ஏற்றுமதித் தீர்வையும் வந்தன. 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டு, தீர்வையும் 20 சதவீதமாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அந்தத் தீர்வையும் இல்லை. நான் மூட்டை எடுத்த நாளில் தடையுமில்லை, தீர்வையுமில்லை.

எனக்கு அதிகப்படியாகப் போனது 1,200 வெள்ளி. முளை விட்டும் அழுகியும் ஒதுக்கியது 40 மூட்டை. இவை கணக்கில் எழுதக்கூடிய நஷ்டங்கள். என் வாயால் கேட்டு வாங்கிய அந்த இருவரின் முகத்தைப் பார்த்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் தேடாமல் இருந்திருந்தால்கூட, “வதந்தி வந்திருக்கிறது, விசாரிப்போம்” என்று மட்டுமே சொல்லியிருப்பேன். அரைகுறையாகத் தேடியதால் வதந்திக்கு உறுதி முத்திரை குத்திக் கொடுத்து விட்டேன். தேடத் தெரியாமல் தேடுவது தேடாமல் இருப்பதைக் காட்டிலும் ஆபத்தானது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

தேடுபொறி என்பது யாது?

தேடுபொறியை எல்லாம் அறிந்த ஆலிமைப் போல நம்மில் பலர் எண்ணுகிறோம். அது அப்படிப்பட்டதன்று. ஊரெல்லாம் சுற்றி, ஒவ்வொரு கடையின் வாசலிலும் நின்று, உள்ளே என்னென்ன இருக்கிறதென்று எழுதிக்கொண்டு போகும் ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக் கொள்ளுங்கள். அவன் எழுதியதெல்லாம் ஒரு பெரிய பேரேட்டில் ஏறுகிறது. நாம் கேள்வி கேட்கும்பொழுது அவன் கடைகளுக்கு ஓடுவதில்லை. பேரேட்டைப் புரட்டிச் சொல்லுகிறான். எதை முதலில் சொல்லுவது, எதைப் பின்னால் சொல்லுவது என்பதற்கு அவனிடம் தனிக் கணக்கு உண்டு. எத்தனை பக்கங்கள் அதனைச் சுட்டுகின்றன, நம் சொற்கள் அதில் எவ்வாறு அமைந்துள்ளன, நாம் எந்த ஊரிலிருந்து கேட்கிறோம் முதலியவற்றைப் பார்த்து வரிசைப்படுத்துகிறான். முதலில் வருவது மெய், பத்தாவதாக வருவது பொய் என்பது இந்த வரிசைக்குப் பொருளன்று.

வரிசையின் தலையில் ஸ்பான்சர்டு என்னும் சொல்லோடு சில பதில்கள் நிற்பதுண்டு. அவை விளம்பரங்கள். காசு கொடுத்து முன்வரிசையில் பந்தல் போட்டவர்கள் அவர்கள். அவர்களெல்லாரும் கெட்டவர்களல்லர். ஆனால் முன்னால் நிற்பது அவர்கள் கொடுத்த காசினாலேயன்றிச் சரக்கின் தரத்தினால் அன்று.

இந்தப் பொறிகளும் வந்து போகிறவையே. 1990ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பவர் அமைத்த ஆர்ச்சி என்பதை முதல் தேடுபொறி என்பார்கள். அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடும். 1995இல் வந்த ஆல்ட்டாவிஸ்டா ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தது, 2013இல் மூடப்பட்டது. கூகள் நிறுவனம் 1998இல் தோன்றியது. மைக்ரோசாப்டின் பிங் 2009இல் வந்தது. ஆகவே ஒரு பொறியைப் பழகுவதைக் காட்டிலும் தேடும் முறையைப் பழகுவதே நிலையான முதல்.

இரண்டு சில்லறைக் கடை, ஒரே மொத்தக் கடை

நாலு கடை ஏற வேண்டும் என்றேன். ஆனால் அந்த நாலு கடைக்கும் ஒரே இடத்திலிருந்து சரக்கு வருமானால் நாலு கடை ஏறியும் பிரயோஜனமில்லை. தேடுபொறிகளிலும் இவ்விதமே. கூகளும் பிங்கும் தத்தமக்குச் சொந்தப் பேரேடு வைத்திருப்பவை. டக்டக்கோ, யாஹூ ஆகிய இரண்டும் பெரும்பாலும் பிங்கின் பேரேட்டிலிருந்தே பதிலெடுத்துக் கொடுப்பவை. ஆகவே பிங்கில் கேட்டு, பிறகு டக்டக்கோவிலும் கேட்டு, “இரண்டு இடத்திலும் ஒன்றே சொல்லுகிறார்கள்” என்று மகிழ்வது ஒருவரையே இரு தடவை கேட்டதற்குச் சமம். டக்டக்கோவுக்கு வேறு நன்மை உண்டு: நாம் முன்பு என்ன தேடினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளாது.

2021இல் வந்த பிரேவ் என்னும் தேடுபொறிக்குத் தனிப் பேரேடு உண்டு. ரஷ்யாவின் யாண்டெக்ஸுக்கும் சீனாவின் பைடுவுக்கும் அவ்வாறே. சீனாவிலிருந்து பாத்திரமோ பிளாஸ்டிக் சாமானோ தருவிக்கும் சகோதரர்கள், விற்பனையாளரின் பெயரைச் சீன எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, சீனம் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரின் துணையோடு பைடுவில் தேடிப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத்தில் அகப்படாத விஷயங்கள் அங்கே அகப்படும்.

சொல்லைப் பொறுக்கும் விதம்

கேள்வி கோணலாக இருந்தால் பதிலும் கோணலாகவே வரும். நாம் கடையில் வழங்கும் பெயர் வேறு, மலாய்க்காரர் சொல்லும் பெயர் வேறு, சுங்கத்தார் காகிதத்தில் எழுதும் பெயர் வேறு. சோம்பை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு கடையில் சோம்பு, இன்னொரு கடையில் பெருஞ்சீரகம், மலாயில் ஜிந்தான் மானிஸ், ஆங்கிலத்தில் ஃபென்னல். மலாயில் ஜிந்தான் பூத்தே என்பதோ நம் சீரகம். இரண்டையும் ஜிந்தான் என்று மொட்டையாகத் தேடினால் விலை விவரம் கலந்து வந்து ஏமாற்றும். இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கத் தாவர நூலார் வைத்த பெயர் உதவும். சோம்புக்கு ஃபினிக்குலம் வல்காரே, சீரகத்திற்குக் குமினும் சிமினும். அதைப் போட்டால் வேறு சரக்கு உள்ளே புக இடமில்லை.

இன்னும் நான்கு உபாயங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மேற்கோள் குறி. இரண்டு மூன்று சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்தால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்களையே பெரும்பாலும் தரும். ஒரு கம்பெனியின் முழுப்பெயரைத் தேட இது மிகவும் உகந்தது.

இரண்டாவது, கழித்தல் குறி. வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி போட்டால் அதைத் தள்ளி வைக்கும். வெங்காய விலை தேடும்போது சமையல் குறிப்புகள் வந்து மொய்த்தால், ரெசிப்பி என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முன் இந்தக் குறியைப் போடுங்கள்.

மூன்றாவது, இடத்தைக் குறித்துக் கேட்டல். சைட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இரட்டைப்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜிஓவி.எம்ஒய் என்று சேர்த்தால் மலேசிய அரசாங்கப் பக்கங்களில் மட்டும் தேடும். ஜிஓவி.இன் என்றால் இந்திய அரசாங்கம், ஜிஓவி.எஸ்ஜி என்றால் சிங்கப்பூர் அரசாங்கம். இவற்றையும் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

நான்காவது, காலத்தைக் குறித்துக் கேட்டல். கூகளில் டூல்ஸ் என்னும் பகுதியில் கடந்த வாரம், கடந்த மாதம் என்று வரையறுக்க இடமுண்டு. பிங்கிலும் இவ்வசதி உண்டு. நான் அன்று இந்த ஒரு பித்தானை அழுத்தியிருந்தால் 1,200 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

தேதியும் மூலமும்

வெங்காயத்திற்கு இந்தியா தடை போட்டது 2023இல் மட்டுமன்று. 2019 செப்டம்பரிலும் 2020 செப்டம்பரிலும் போட்டதுண்டு. மூன்று தடவையும் பத்திரிகைத் தலைப்பு ஏறக்குறைய ஒன்றே. பேரேட்டில் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. யாராவது பழையதொன்றை எடுத்துப் படம்பிடித்து அனுப்பினால் அது இன்றைய செய்தி போலவே தோன்றும். தேதி தெரியாத செய்தி முத்திரையில்லாத படிக்கல்லுக்குச் சமம். அதை வைத்து நிறுக்கலாகாது.

தேதிக்கு அடுத்தது மூலம். நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஒரு செய்தியைச் சொன்னால் உஸ்தாது உடனே, “யாரிடம் கேட்டாய்? அவர் யாரிடம் கேட்டார்?” என்று கேட்பார். வரிசையில் ஒருவர் விடுபட்டாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார். சிறுவயதில் அது எரிச்சலாக இருந்தது. இன்று இணையத்தில் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்பொழுதும் அந்தக் குரல் காதில் விழுகிறது. பத்திரிகை சொல்லுகிறது என்றால், பத்திரிகைக்கு யார் சொன்னார்? இந்திய ஏற்றுமதித் தடைகளை அறிவிப்பது அந்நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். அரசாங்க அறிக்கைகளை வெளியிடுவது பத்திரிகைத் தகவல் அலுவலகம். இவ்விரண்டுக்கும் சொந்த இணையப் பக்கங்கள் உண்டு. கிளைக்கடைகளில் கேட்டுக் கொண்டிருப்பதை விட்டு நேரே மூலக் கடைக்கே போய் விடலாம். பத்துப் பக்கங்கள் ஒரே சொற்களில் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் என்று எண்ணாதீர்கள். ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் பெயர்த்தெழுதியிருக்கலாம்.

2024 முதல் கூகளில் பதில் வரிசைக்கு மேலே செயற்கை அறிவு தானே எழுதிய ஒரு சுருக்கமும் வருவதுண்டு. வேறு பொறிகளிலும் இவ்வழக்கம் பரவியிருக்கிறது. படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் பழையதையும் புதியதையும் கலந்து ஒரே குரலில் சொல்லி விடக்கூடியது அது. அதன் ஓரத்தில் எந்தப் பக்கங்களிலிருந்து எடுத்தது என்று காட்டியிருக்கும். அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்காமல் சுருக்கத்தை மட்டும் கொண்டு பணம் கட்டுவது, மாதிரிச் சரக்கைப் பார்த்து விட்டு மூட்டையைப் பிரிக்காமல் வாங்குவதைப் போன்றது.

பேரேட்டில் ஏறாத அறைகள்

தேடுபொறி நுழைய முடியாத அறைகளும் உண்டு. நாம் நேரே போய், அங்குள்ள கட்டத்தில் கேள்வியை எழுதினால்தான் பதில் வரும். நமக்கு வேண்டியவை சிலவற்றைக் கூறுகிறேன். ஒரு கம்பெனி பதிவானதுதானா என்று அறிய மலேசியாவில் கம்பெனிகள் ஆணையமாகிய எஸ்.எஸ்.எம்., சிங்கப்பூரில் அக்ராவின் பிஸ்ஃபைல் பக்கம். சரக்கின் தீர்வையை அறிய மலேசிய சுங்கத்துறையின் பக்கம். அங்கே உலகெங்கும் வழங்கும் எச்.எஸ். எண்ணால் தேடினால் குழப்பம் வராது. மிளகுக்கு 0904, வெங்காயத்திற்கு 0703 என்று அந்த எண்கள் தொடங்கும். முன்பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ சோதிக்க மலேசியப் போலீஸாரின் செமாக் மியூல் என்னும் பக்கம். அதில் ஓர் எண் அகப்படவில்லையென்றால் அதன்மீது புகார் பதிவாகவில்லை என்பதே பொருள்; அந்த ஆள் யோக்கியர் என்று அத்தாட்சி ஆகாது. ஏமாந்து பணம் அனுப்பி விட்டால் தாமதியாமல் மலேசியாவில் 997 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் கடத்தினால் பணம் பல கணக்கு மாறி விடும்.

ஒரு வாரப் பயிற்சி

வாசித்து விட்டு மடித்து வைத்தால் இந்தப் பாடம் பலன் தராது. கடை அடைத்த பின் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்தி கோடு போடுங்கள்: கேள்வி, எந்தப் பொறி, என்னென்ன சொற்கள், சொன்னவர் யார், எந்தத் தேதி.

முதல் நாள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சரக்கைப் பற்றியே தேடுங்கள். இருபது வருஷமாக மிளகு விற்பவர் மிளகைத் தேடட்டும். எங்கெங்கே தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று உடனே தெரியும். தெரிந்த விஷயத்திலேயே இத்தனை தவறு வருமானால், தெரியாத விஷயத்தில் எவ்வளவு வரும் என்ற பயம் மனத்தில் பதியும். அந்தப் பயமே இந்தக் கல்வியின் அஸ்திவாரம்.

இரண்டாம் நாள், ஒரே கேள்வியைக் கூகள், பிங், பிரேவ் மூன்றிலும் கேட்டு, முதல் ஐந்து பதில்களை எழுதி ஒப்பிடுங்கள். மூன்றாம் நாள், அதே கேள்வியைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேளுங்கள். நான்காம் நாள், மேற்சொன்ன நான்கு உபாயங்களையும் ஒவ்வொன்றாகப் பழகுங்கள். ஐந்தாம் நாள், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்து அதன் மூலம் வரை போய்ப் பாருங்கள். ஆறாம் நாள், நீங்கள் சரக்கு வாங்கும் கம்பெனியின் பதிவைத் தேடிப் பாருங்கள். ஏழாம் நாள், நோட்டுப் புத்தகத்தை வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டிக் குறை கேளுங்கள். அவர்கள் கண்ணில் படுவது நம் கண்ணில் படுவதில்லை.

முடிவுரை

என் சொல்லை நம்பி வெங்காயம் வாங்கிய இருவரிடமும் மறுநாள் காலையிலேயே போய், நடந்ததைச் சொன்னேன். அவர்களுக்கு அதிகப்படியாகப் போனதில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதாகக் கூறினேன். ஒருவர் வாங்கிக்கொண்டார், மற்றவர் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தால் போதுமென்றார். இப்பொழுது எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. விலையை ஏற்றக்கூடிய செய்தி எது வந்தாலும், மூவரும் ஆளுக்கொரு பொறியில் தேடி, தேதியையும் மூலத்தையும் எழுதி, பெட்டியடியில் வைத்து ஒப்பிட்ட பிறகே கிட்டங்கிக்குத் தொலைபேசி அடிக்கிறோம். இதற்கு அரைமணி நேரம் ஆகிறது. சில சமயம் அந்த அரைமணி நேரத்தில் மற்றவர்கள் முந்திக்கொண்டு வாங்கி விடுகிறார்கள் என்பதும் உண்மையே. அப்படித் தப்பிப் போன லாபம் இரண்டொன்று உண்டு. ஆயினும் 40 மூட்டை அழுகிய வெங்காயத்தைப் பின்கட்டிலிருந்து வாரிக் கொட்டியவனுக்கு அந்த அரைமணி நேரம் வீணாகத் தோன்றுவதில்லை.

சகோதரர்கள் தங்கள் கடைகளிலும் இந்தப் பயிற்சியைத் தொடங்கி, தாங்கள் கண்ட புதிய உபாயங்களை நம் பத்திரிகைக்கு எழுதியனுப்புமாறு வேண்டிக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.